எட்டு மணி நாடகத்தில் வராதது

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் சம்பூரணத்துக்குக் காலையில் கண் விழித்ததிலிருந்து பயம். கோர்ட்டுச் சாட்சி ஒன்றும் சொல்லப் போவதில்லை. நேற்று எட்டு மணிக்கு டிவியில் வந்த நாடகத்தின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அரைமணி நேரத்தில் பத்து நிமிஷம் விளம்பரம், ஐந்து நிமிஷம் முந்தாநாள் வந்ததையே மறுபடி காட்டுவது, மீதியில் திலகவதி என்கிற அம்மா அழுவாள், ரிஷி என்கிற மகன் கத்துவான். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இதைச் சொல்லத் தெரியாதா என்றால், தெரியும், ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை ஒன்றுக்கு நாலு பெண்கள். வாரத்துக்கு மூன்று பேருக்கு எட்டரை மணி வரை ஓவர்டைம், ஒருத்திக்கு மட்டும் ஐந்தரைக்கே வீடு. வீட்டுக்குப் போகிறவள் நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் காலையில் மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும் என்பது ருக்குமணியக்கா போட்ட சட்டம். போனிலேயே பார்த்துக்கலாமே என்று சின்னவள் சிந்துஜா கேட்டதற்கு, பாத்துப்போட்டு வந்தீன்னா கேக்கறதுல என்ன ருசி இருக்குது, டீ டயம் வரைக்கும் அதைத் தொடக்கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம். இந்த வாரம் சம்பூரணத்தின் முறை. திங்கள், செவ்வாய் இரண்டு நாள் கதையையும் சொல்லியாயிற்று. நேற்று புதன்கிழமை அவள் பார்த்தது பாதி நாடகம். மீதிப் பாதி ஓடும்போது அவள், தான் குடியிருக்கிற லைன் வீடுகளின் வரிசைக் கடைசியில் இருக்கிற பொது பாத்ரூமில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் போனில் பார்க்கலாம் என்றால் அவளிடம் இருப்பது பட்டன் போன். பாத்ரூமில் உட்கார்ந்திருந்ததை மேசையில் எப்படிச் சொல்வது. எம் பையன் பூபதி கை ஓங்கீட்டு வந்தானுங்க, அதனால மிச்சத்தப் பாக்கலீங்க என்றா. அதைச் சொன்னால் நாடகத்தை விட்டுவிட்டு இவளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், ஒரு வருஷத்துக்கு ஓடும்.

காலை எட்டரை மணிக்குப் பெல் அடித்தது. மேசைக்கு மேலே டியூப் லைட்டுகள் பளீரென்று எரிந்தன. பச்சைக் கலர் டி சர்ட் மலையாகக் குவிந்து கிடந்தது, ஏதோ குளிர் நாட்டுக்குப் போகிற ஆர்டர், பெரிய பெரிய சைஸ், ஒன்றை பூபதி மாதிரி இரண்டு பேர் போடலாம். எல்லாவற்றிலும் அவன் வந்து நிற்பதைப் பார்த்து அவளுக்கே எரிச்சலாக இருந்தது. பீஸை விரித்து, கழுத்துப் பட்டியைப் பார்த்து, தோள் தையல், கைப் பட்டி, பக்கத் தையல், கீழ் மடிப்பு, பிறகு உள்ளே திருப்பி இதையே மறுபடி. ஊசி ஓட்டையோ ஆயில் கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற கைக்கு வேறு யாரும் துணை வேண்டாம், ஆனால் இன்றைக்கு வலது மணிக்கட்டு திருப்பும்போதெல்லாம் சுரீர் என்றது. பிடித்துத் தள்ளினானே, அப்போது கதவு நிலையில் மோதியது. எதற்கு இத்தனையும். ஒரு மாத்திரை அட்டை. வலிக்குப் போடுகிற மாத்திரையாம், இவனுக்கு என்ன வலி, இருபத்து நாலு வயசில், போதைக்குத்தான். தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து அவள் திங்கட்கிழமை சாக்கடையில் போட்டாள். போட்டது தெரிந்து நேற்று எட்டேகாலுக்கு வந்தான். டிவி வயரைப் பிடுங்கினான். அவள் ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்ட பிறகு, நடைபாதையில் நின்று சத்தம் போடாமல், சாதாரணமாக, கடைக்குப் போய்வா என்று சொல்கிற மாதிரி சொன்னான். நாளைக்கு அஞ்சரைக்கு வருவீல்ல, அப்ப வெச்சுக்கறேன் உன்னை. கத்தியிருந்தால்கூடப் பயமில்லை. கத்தினால் அரைமணியில் அடங்கிவிடுவான், அது பழகியது. இப்படி நேரம் குறித்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. இன்றைக்கு ஐந்தரை வரும். பெல் அடிப்பார்கள். அவள் எழுந்து போக வேண்டும். எங்கே.

"ஏம் புள்ள, வாயில கொழுக்கட்டையா. ஆரம்பி" என்றாள் ருக்குமணி. ஐம்பத்திரண்டு வயசு, மேசைக்குப் பெரியவள், மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருப்பாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பிசிர் வெட்டுவாள். எதிரே மும்தாஜும் சிந்துஜாவும் கையை நிறுத்தாமல் காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார்கள். சம்பூரணம் ஆரம்பித்தாள். திலகவதி கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாள், பட்டுச் சேலை, ரிஷி சோபாவில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருக்கிறான், கண்ணெல்லாம் சிவப்பு. பட்டுச் சேலை என்ன கலர் என்று மும்தாஜ் கேட்டாள். கத்தரிப்பூக் கலர், மாம்பழப் பார்டர் என்றாள் சம்பூரணம். அது நிஜமாகவே பார்த்தது, அதனால் தைரியமாகச் சொன்னாள். கோயிலுக்குப் போனாலும் மாம்பழ பார்டர், பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனாலும் மாம்பழ பார்டர், அந்த அம்மாவின் கொசுவம் ஒரு தடவைகூடக் கலைந்து அவள் பார்த்ததில்லை. திலகவதி பிரசாதத்தை நீட்டுகிறாள், ரிஷி தட்டிவிடுகிறான். விபூதி எல்லாம் பறக்கிறது. அதை மூன்று தடவை காட்டினார்கள். "அவனைச் சொல்லி என்ன ஆவுது" என்றாள் ருக்குமணி, "பெத்தவளை மொதல்ல செருப்புல போடோணும். சின்னதுல ரெண்டு வெச்சிருந்தா இப்ப இப்படித் தட்டியுடுவானா." மும்தாஜ் உச் கொட்டினாள். "பாவங்க்கா அந்தம்மா. பெத்த வயிறு என்ன பண்ணும். அவிங்க அழுதா எனக்கு அழுவாச்சி வந்துருது." சிந்துஜாவுக்கு ரிஷியைப் பிடிக்கும், அவன் தாடி பிடிக்கும். "அவன் நல்லவந்தாங்க்கா. அந்தம்மாதான் அவனைப் புரிஞ்சுக்கவே மாட்டீங்குது. எப்பப் பாத்தாலும் கோயிலு, விரதம். பையன் மனசுல என்ன இருக்குதுன்னு ஒரு நாளாச்சும் உக்கார வெச்சுக் கேட்டுச்சா." நீ பெத்துப் பாரு கண்ணு என்று சம்பூரணத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. உட்கார வைத்துக் கேட்டால் சொல்லுவார்களா. எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். என்னடா சாமி உனக்கு, சொல்லு. ஒண்ணுமில்ல போம்மா. அவ்வளவுதான், பத்து வருஷமாக இதே இரண்டு வார்த்தை. இவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள், தீர்ப்பு சொல்லச் சொல்லக் கை நிற்காமல் பீஸ் மடிகிறது, யாருக்கும் மணிக்கட்டு வலிக்கவில்லை. ஒரு வருஷமாக இந்தத் தீர்ப்புகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் திலகவதி மேல்தான் ஆத்திரம். எதையாவது செய்து தொலையேன். போலீசுக்குப் போ, இல்லை அவன் மண்டையில் ஒன்று போடு, இல்லை எங்கேயாவது போ. ஒன்றும் செய்யாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பின்னால் வயலின் வாசிப்பார்கள். நிஜத்தில் வயலின் எங்கே வாசிக்கிறார்கள். நேற்று பக்கத்து வீட்டு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் என்றாள் மும்தாஜ். அப்புறம் ரிஷி எழுந்து வருகிறான். திலகவதி தூணோடு ஒட்டிக்கொள்கிறாள். ரிஷி கையை ஓங்குகிறான். இதோடு அவள் பார்த்தது முடிந்தது. இந்த இடத்தில்தான் வயர் போனது, டிவி கறுப்பானது, கறுப்புக் கண்ணாடியில் அவள் தலையும் பின்னால் பூபதியும் தெரிந்தார்கள். சும்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன, கை ஓங்கியதோடு தொடரும் போட்டுட்டாங்க என்று சொல்லலாம். ஆனால் எட்டேகாலுக்கே தொடரும் போட்டால் ருக்குமணி நம்புவாளா, மணி என்ன இருக்கும் அப்ப என்று கேட்டாலும் கேட்பாள். "அடிச்சுப்போட்டானா" என்றாள் சிந்துஜா, தாடிக்காரன் அடித்திருக்கக் கூடாது என்கிற கவலையோடு. "அடிக்கலை. கையப் புடிச்சுத் தள்ளுனான். அவ போயிக் கதவு நிலைல மோதிக்கிட்டா" என்றாள் சம்பூரணம். சொன்ன பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை, ஒரு வருஷமாகக் கதை சொல்லிப் பழகிய வாய், ஒரு காட்சி முடிந்தால் அடுத்ததை எடுத்துப் போடாமல் அதற்கு இருக்கத் தெரியவில்லை. "அப்புறம் அவ வெளிய ஓடியாந்து பாத்ரூமுக்குள்ள பூந்து தாப்பாள் போட்டுக்கிட்டா. பக்கெட்டைக் கவுத்து அது மேல உக்காந்துக்கிட்டா. கால் ரெண்டும் நடுங்குது, பக்கெட்டு டக்கு டக்குன்னு சத்தம் போடுது, அந்தச் சத்தம் வெளிய கேட்டுருமோன்னு காலை அமுக்கிப் புடிச்சுக்கறா. அப்பப் பாத்து ஒருத்தி வந்து கதவைத் தட்டி, யாரு உள்ள, எத்தனை நேரம், வயித்தால போவுதா அப்படீங்கறா. ஆமாங்க வயிறு செரியில்லீங்க, நீங்க அந்தப் பக்கத்து பாத்ரூமுக்குப் போயிக்குங்கன்னு இவ சொல்றா." மும்தாஜ் பிசிர் வெட்டுகிற கட்டரைக் கீழே வைத்துவிட்டாள். ருக்குமணி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். "இரு இரு. அது ஏழு ரூமு பங்களா. அதுல எவ வந்து கதவைத் தட்டறா. திலகவதி ஊட்டுல பாத்ரூமுக்குக் கியூவா." சிந்துஜா களுக்கென்று சிரித்தாள். சம்பூரணத்துக்கு முகம் சூடானது. "அது அவ ஊட்டுல இல்லீங்க்கா. ஓடிப்போயி வேலைக்காரி ஊட்டுல ஒளிஞ்சுக்கறா. வேலைக்காரி லைன் ஊட்டுலதான குடியிருக்கறா." சமாளித்த விதம் அவளுக்கே பிடித்திருந்தது, அதே நேரம் வெறுப்பாகவும் இருந்தது. "பரவால்லயே" என்றாள் ருக்குமணி, "இத்தனை நாள்ல இந்த நாடகக்காரனுக்கு இப்பத்தான் புத்தி வந்துருக்குது. பக்கெட்டு மேல உக்கார வெச்சான் பாரு." அதற்குள் சூப்பர்வைசர் தனபால் அந்தப் பக்கம் வந்தார், நாலு பேரும் குனிந்துகொண்டார்கள். அவர் வீட்டிலும் அந்த நாடகம்தான் ஓடுகிறது, அந்தம்மாக்காரி நடிப்பு ரொம்ப ஓவருங்க என்று ஒருநாள் அவரே சொன்னார். நல்லவேளை இன்றைக்கு ஒன்றும் பேசாமல் டேமேஜ் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கதவு நிலை, பக்கெட்டு, வயிறு சரியில்லை. ஏன் இப்படி வாய் போனது. பச்சை பீஸ் ஒவ்வொன்றாகக் கை வழியே போய்க்கொண்டிருக்க, அவள் மனசு ஒரே இடத்தில் சுற்றியது. சின்னதில் இரண்டு வைத்திருந்தால் என்று ருக்குமணி சொன்னது இன்னும் காதில் கிடந்தது. வைக்காமலா விட்டாள், வைத்திருக்கிறாள், கரண்டிக் காம்பால்கூட. வீட்டுக்காரர் இருந்தபோது அவரும் வைத்திருக்கிறார், சாயப்பட்டறையிலிருந்து கையெல்லாம் நீலமாக வந்து, அந்த நீலக் கையாலேயே. அவர் நெஞ்சுவலியில் போய் ஒன்பது வருஷம். அடித்ததா தப்பு, அடிக்காமல் விட்டதா தப்பு, இவர்களைக் கேட்டால் இரண்டையும் தப்பு என்பார்கள். பூபதிக்கு மூன்றரை வயசு இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தட்டில் சோறும் சொம்பில் தண்ணீரும் வைத்து, வீட்டை வெளியே பூட்டிவிட்டு ஷிப்ட்டுக்கு வருவாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடுவாள், பத்து நிமிஷ ஓட்டம். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அழமாட்டான். அழுது முடித்த முகமாக இருக்கும். பூட்டைத் திறந்து தூக்கினால் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வான், இறக்கிவிட முடியாது, ஒரு கையால் அவனைத் தூக்கிக்கொண்டே ஒரு கையால் சாப்பிடுவாள், திரும்பப் பூட்டுவாள். இரண்டு வருஷம். பூட்டாமல் வந்திருந்தால் மெயின் ரோட்டுக்குப் போய் லாரியில் விழுந்திருப்பான். விழுந்திருந்தால் அப்பவும் பெற்றவளைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்பார்கள். அதனால்தான் இப்படி ஆனானா, பூட்டிப் போட்டதாலா. அந்த லைனில் எத்தனை பேர் பூட்டிப் போட்டார்கள். தங்கமணியும் மகனைப் பூட்டித்தான் போட்டாள், அவன் இன்றைக்கு பாங்கில் வேலை பார்க்கிறான், தங்கமணிக்குக் குக்கர் வாங்கிக் கொடுக்கிறான். இதற்கு யார் கணக்குச் சொல்வது. மணிக்கட்டு மறுபடி சுரீர் என்றது. இடது பக்கத் தையலில் விட்ட தையல் ஒன்று தெரிந்தது, ஸ்டிக்கரை ஒட்டினாள். மணி பத்து. ஐந்தரைக்கு இன்னும் ஏழரை மணி நேரம். ஓவர்டைம் கேட்கலாமா. வாரச் சீட்டு எழுதியாயிற்று, நடுவில் மாற்றச் சொன்னால் தனபால் ஏன் எதற்கு என்று குடைவார். வீட்டுக்குப் போய், அவன் வருவதற்குள் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்தினால் உடைப்பான், தகரக் கதவு, போன வருஷமே ஒரு கீல் போய்விட்டது. போகாமல் இருந்தால் கம்பெனி கேட்டுக்கே வருவான். போன ஆடியில் வந்து கத்தியதற்கு வாட்ச்மேன் ஒரு மாசம் அவளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். ஒருவேளை மறந்திருப்பான். அவன் சொன்னதையெல்லாம் எங்கே ஞாபகம் வைத்திருக்கிறான். ஆனால் அஞ்சரை என்று சொன்னானே. மணியைச் சொன்னானே.

டீ வந்தது. பத்தரை மணி டீக்கு மேசையை விட்டு மாடிப்படி ஓரம் போய்விடலாம், போன் எடுக்கலாம். சிந்துஜா போனைத் திறந்து நாடகத்தை எடுப்பதைப் பார்த்ததும் சம்பூரணம் குடிக்கப் போன டம்ளரைப் படியில் வைத்தாள். தடுக்க என்ன காரணம் சொல்வது. டீ டயத்தில் பார்க்கலாம் என்பதும் ருக்குமணியின் சட்டம்தான். நாலு தலையும் ஒரு சின்னத் திரை மேல் கவிழ்ந்தன. கத்தரிப்பூ சேலை வந்தது. விபூதி பறந்தது, மூன்று தடவை. கை ஓங்கியது. அவ்வளவு நேரமும் சம்பூரணம் சொன்னபடியேதான். பிறகு ஓங்கிய கை அப்படியே நின்றது, வயலின் வந்தது, ரிஷியின் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் மண்டி போட்டு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். திலகவதி அவன் தலையைத் தடவினாள். நிலையும் இல்லை, பக்கெட்டும் இல்லை, வேலைக்காரி வீடும் இல்லை. கடைசி ஐந்து நிமிஷமும் தலையைத் தடவிக்கொண்டேதான் இருந்தாள். சிந்துஜா, என்ன செய்வது என்று தெரியாமலோ என்னவோ, கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை வாசிக்க ஆரம்பித்தாள். "இந்த அம்மாவுக்கு அவார்டு குடுக்கணும். நான் தியேட்டர்ல அழுத மாதிரி அழுதேன். தாய்ப்பாசம் கடலை விடப் பெரிசு. ஒரு அம்மா நெனச்சா எந்தப் பையனையும் திருத்திரலாம். இதுக்கு அறுநூறு பேரு லைக் போட்டிருக்காங்க்கா." அறுநூறு பேர். அறுநூறு பேரில் ஒருத்தியாவது பாத்ரூமில் உட்கார்ந்து லைக் போட்டிருப்பாளா. நினைத்தால் திருத்திவிடலாமாம். அவள் என்ன நினைக்காமல் இருக்கிறாளா, ராத்திரியும் பகலும் வேறு என்ன நினைப்பு. திரையில் தலையைத் தடவுகிற கையைப் பார்க்கப் பார்க்க எரிந்தது, இத்தனை நாள் திட்டியதெல்லாம் போதாது போலிருந்தது. "போதும், ஆஃப் பண்ணு" என்றாள் ருக்குமணி. சிந்துஜா அணைத்தாள். டீயில் ஆடை படிந்திருந்தது. சம்பூரணம் அதை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரே மடக்கில் குடித்தாள், புரையேறியது, இருமினாள், நல்லது, இருமினால் பேச வேண்டியதில்லை.

மேசைக்குத் திரும்பினார்கள். இப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். அரை டஜன் பீஸ் போய்விட்டது. மும்தாஜ் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள், இரண்டு தடவையும் சம்பூரணத்தின் வீங்கிய மணிக்கட்டைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை தாங்கவில்லை. இதற்கு ருக்குமணி செருப்பை எடுத்தால்கூடத் தேவலாம். முந்தானையை இழுத்துக் கையை மூடலாம் என்றால் செக்கிங்கில் இரண்டு கையும் வெளியே இருந்தாக வேண்டும். ருக்குமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். பிசிர் வெட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு அந்தக் காலைக் கட்டிக்கிட்டு அழுவறது புடிக்கலை. புளிச்சுப் போச்சு. சம்பூரணம் சொன்னதுதான் கதை மாதிரி இருந்துச்சு. ஏம் புள்ள, அப்புறம் அவ எத்தனை நேரம் அந்தப் பாத்ரூமுக்குள்ளயே இருந்தா." சம்பூரணம் பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். "நாப்பது நிமிசம்" என்று வந்துவிட்டது. "அவன் எங்க போனான்." "எங்கியோ போயிட்டான். போறப்ப, நாளைக்கு அஞ்சரைக்கு வருவீல்ல, அப்ப வெச்சுக்கறேன்னு சொல்லீட்டுப் போறான்." சிந்துஜாவின் கை நின்றது. "அஞ்சரைன்னா திலகவதி என்ன பண்ணுவாளாமா" என்றாள் ருக்குமணி. "தெரியலீங்க்கா. இன்னும் காட்டுலீங்களே." குரல் உடையாமல் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மும்தாஜ் மெதுவாக, "அவிங்களுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லீங்களாக்கா" என்றாள். "ஒரு அண்ணன் இருந்தான். பேச்சு வார்த்தை இல்ல." "நல்ல நாடகம் போ" என்றாள் ருக்குமணி. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. தீர்ப்பு யாரும் சொல்லவில்லை. அதுவும் கோபமாகத்தான் இருந்தது. காலையில் செருப்பு, இப்போது வாய்க்குள்ளே போட்டு மெல்லுகிறார்கள். நாடகக்காரி என்றால் செருப்பு, பக்கத்தில் இருப்பவள் என்றால் மணிக்கட்டைப் பார்ப்பது. இவர்கள் வீட்டிலெல்லாம் ஒன்றுமே இல்லையா. ருக்குமணியின் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் எங்கே போயிருந்தார் என்று யாராவது கேட்டார்களா.

சாப்பாட்டு நேரத்தில் ருக்குமணி தன் டப்பாவிலிருந்து அரசாணிக்காய்ப் பொரியலை எடுத்து இவள் டப்பா மூடியில் வைத்தாள். "சாயங்காலம் கம்பெனி வேன் குன்னத்தூர் வரைக்கும் போவுதில்ல. அதுல ஏறி எங்கூட்டுக்குப் போயிரு. மருமக இருப்பா, நான் போன் பண்ணிச் சொல்லீர்றேன். நான் ஓவர்டைம் முடிஞ்சு ஒம்பதுக்கு வந்துருவேன். நாளைக்கு ஒண்ணா வந்துக்கலாம்." "எதுக்குங்க்கா, எனக்கு ஊடு இருக்குது" என்றாள் சம்பூரணம் வெடுக்கென்று. "இருக்குது. யாரு இல்லைன்னா." "அவன் சாப்பாட்டுக்கு வந்து நிப்பான். அரிசியே போடாம வந்துட்டேன்." "இருவத்தி நாலு வயசுக்கு அரிசி போடத் தெரியாதா." "தெரியாதுங்க்கா. நானே கத்துக் குடுக்கலை. போதுமா." ருக்குமணி பொரியலை இன்னும் கொஞ்சம் வைத்தாள். மத்தியானம் முழுவதும் அவள் போகமாட்டேன் என்றுதான் இருந்தாள். போனால் அப்புறம் அந்த மேசையில் எப்படி உட்காருவது, ருக்குமணியின் மருமகள் என்ன நினைப்பாள், அந்த ஊரில் யார் என்று கேட்டால் என்ன சொல்வது. அப்படி எத்தனை நாளைக்கு. ஒருநாள் போனால் மறுநாள் இல்லையா, மறுநாளுக்கும் ஐந்தரை மணி உண்டே. பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அவன் வெளியே நிற்பான். நிற்கட்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தானே. இப்படி நினைத்தபடி ஒரு பீஸைப் பார்க்காமலேயே நல்லதில் போட்டுவிட்டு, திரும்ப எடுத்துப் பார்த்தாள். நாலு மணி டீயை அவள் குடிக்கவில்லை. ஐந்து மணிக்குப் பாத்ரூம் போனாள், தாழ்ப்பாள் போட்டதும் கால் நடுங்க ஆரம்பித்தது. ஒரு கம்பெனி பாத்ரூமில், பட்டப்பகலில், வெளியே நூறு பேர் இருக்கும்போது. அதைப் பார்த்து அவளுக்குத் தாங்க முடியாத எரிச்சல் வந்தது, சனியன் பிடித்த காலே, நில்லு என்று சொன்னாள், வாய்விட்டே சொன்னாள்.

ஐந்தரை பெல் அடித்தபோது பையை எடுத்துக்கொண்டு, ருக்குமணி பக்கம் திரும்பாமல், பின்பக்கத் தாழ்வாரம் வழியாக வேன் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். தையல் செக்‌ஷன் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், யாரும் அவளுக்குப் பழக்கமில்லை. நடக்கிற தூரத்தில் வீடு இருப்பவள் இந்த வேனில் ஏறியதே இல்லை. டிரைவர் பார்த்தார், ருக்குமணியக்கா சொன்னாங்க, ஏறுங்க என்றார். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேன் கேட்டைத் தாண்டித் திரும்பியதும் எதிர்க் கடை வாசலில் பூபதி நின்றுகொண்டிருந்தான். குளித்துத் தலை வாரியிருந்தான். அவள் தேய்த்து வைத்த நீலச் சட்டை. கையில் எண்ணெய் ஊறின காளான் பார்சல். அடித்த மறுநாள் இப்படித்தான் வருவான், அவளுக்குக் காளான் பிடிக்கும் என்று வாங்கிக்கொண்டு, சூடா இருக்குது தின்னும்மா என்பான். அப்புறம் நாலு நாள் தங்கமாக இருப்பான், ஐந்தாம் நாளைக்கு அவள் உள்ளுக்குள் தயாராக வேண்டும். கேட்டிலிருந்து நடந்து வருகிற பெண்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் வேன் நகரவில்லை. ஆறிப்போனால் காளான் சவசவவென்று ஆகிவிடும் என்று நினைத்தாள், நினைத்ததற்காகத் தன்னையே அறைய வேண்டும் போலிருந்தது. இறங்கலாம். கதவுக்கு நாலு எட்டு. டிரைவரண்ணா ஒரு நிமிஷம் என்றால் போதும். அவன் தலை வேன் பக்கம் திரும்பத் தொடங்கியது. சம்பூரணம் சீட்டிலிருந்து சரிந்து, இரண்டு வரிசைக்கு நடுவே சாப்பாட்டுக் கூடைகளுக்கு மத்தியில் தரையில் உட்கார்ந்தாள். "என்னங்க்கா, என்ன தேடறீங்க" என்றாள் பக்கத்துப் பெண். "தோட்டுத் திருகாணி உளுந்துருச்சு கண்ணு." அந்தப் பெண் உடனே குனிந்தாள். முன்னால் இருந்தவளும் குனிந்தாள். இன்னும் இரண்டு பேர் போனில் லைட் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கவிழ்ந்தார்கள், தலைகளும் பின்னல்களும் அவளுக்கு மேலே மூடிக்கொண்டன. பவுனுங்களா என்றது ஒரு குரல். கவரிங்குதான் கண்ணு, ஆனா பழசு. ஹாரன் அடித்துக்கொண்டே வேன் நகர்ந்தது, சிக்னலில் நின்றது, பாலத்தில் ஏறியது. "கெடச்சுதுங்களாக்கா" என்று அந்தப் பெண் நிமிரப் போனாள். சம்பூரணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னுங் கொஞ்ச நேரம் பாக்கலாம் கண்ணு" என்றாள்.